பிள்ளைத்தாச்சிக்கும் பால் குடுக்கிற அம்மாவுக்கும் காய்ச்சல் வந்தா

போன மாரிக்கு எங்கட மச்சாளுக்கு 7ம் மாசம். தலைப்பிள்ளை எண்டபடியா தாய் வீட்டில, அதாவது எங்கட மாமியோட நிண்டவ. ஒருநாள் விடியவெள்ளன எழும்பேக்க உடம்பு அனலாக் கொதிக்குது, கண்ணுக்குப் பின்னால குத்துது, நாரி முறியிற மாதிரி நோகுது எண்டா. மாமி கொத்தமல்லி அவிச்சுக் குடுத்தா, பக்கத்து வீட்டு அன்ரி வந்து "மழைத் தூத்தல் பட்டிருக்கும் பிள்ளை, ரெண்டு நாள் பாத்திட்டுப் போகலாம்" எண்டா, மச்சாளும் ஆஸ்பத்திரிக்குப் போனா வாட்டில மறிச்சுப் போடுவினம் எண்ட பயத்தில போர்த்துக்கொண்டு படுத்திட்டா. நல்லகாலம் அண்டைக்குப் பின்னேரம் மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வந்தவ. கதிரையில இருக்கக்கூட இல்லை, "காய்ச்சல் எத்தினை மணிக்குத் துடங்கினது? கடைசியா எப்ப சலம் போனது?" எண்டு ரெண்டு கேள்விதான் கேட்டா, பிறகு "கிளினிக் கொப்பியை எடுங்கோ, இப்பவே வெளிக்கிடுங்கோ" எண்டா. டெங்கு. நாலாம் நாள் பிளேட்லெட் 60,000க்கு இறங்கினது, ஏழாம் நாள்தான் ஏறத் துடங்கினது. இப்ப அவவின்ர மகள் குப்புறப் பிரளப் பழகிறா.

அந்தக் கிழமை முழுக்க வாட்டு வாசலில நிக்கேக்கதான் எனக்கு விளங்கினது, வயித்தில பிள்ளையோட இருக்கிற ஒராளுக்கு வைரஸ் வருத்தம் வந்தா என்ன நடக்கும், எதுக்குப் பயப்பிடவேணும், எதுக்குப் பயப்பிடத் தேவையில்லை எண்டு எங்கட வீட்டில ஒருத்தருக்கும் வடிவாத் தெரியாது. நானும் ரெண்டு பெத்தனான், எனக்கும் தெரியாது. பேந்து கிளினிக்கில கேட்டும் வாசிச்சும் பிடிச்சதுகளைத்தான் இதில எழுதிறன். எல்லாத்துக்கும் முதல் ரெண்டு விசயம். பிள்ளைத்தாச்சிக்குக் காய்ச்சல் எண்டா முதல் நாளே காட்டவேணும். பால் குடுக்கிற அம்மாவுக்குக் காய்ச்சல் எண்டா பாலை நிப்பாட்டக் கூடாது. மிச்சம் வாசிக்க நேரமில்லாட்டி இந்த ரெண்டையும் பிடிச்சுக்கொள்ளுங்கோ.

வைரஸ் எண்டுறது பக்டீரியாவை விடக் கனக்கச் சின்னன், தனிய நிண்டு பெருகாது, எங்கட உடம்புக் கலத்துக்குள்ள பூந்து அதைக் கொண்டே தன்னைப் பெருக்கும். அதாலதான் அன்ரிபயோட்டிக் குளுசை வைரஸுக்கு வேலை செய்யாது, ஆரும் முந்தி வாங்கின மிச்சக் குளுசையைத் தந்தா விழுங்காதேங்கோ. வைரஸுக்கு எதிரா ரெண்டு விதமாத்தான் நிக்கலாம், ஒண்டு வரமுதல் தடுக்கிறது, மற்றது வந்தவுடன கண்டுபிடிச்சு உடம்பைத் தாங்கிப் பிடிக்கிறது. சிலதுக்கு மட்டும் மருந்து இருக்கு, அதுவும் நேரத்தோட துடங்கினாத்தான் பிரயோசனம்.

பிள்ளைத்தாச்சிக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லாமப் போகுது எண்டு சில பேர் சொல்லுவினம், அது சரியில்லை. பிள்ளையில பாதி தகப்பன்ர கூறு எல்லே, அதை வேற ஆள் எண்டு நினைச்சு அடிக்காமல் இருக்கிறதுக்காக உடம்பு தன்ர எதிர்ப்பு முறையைக் கொஞ்சம் மாத்தி வைக்குது, அவ்வளவுதான். அதோட கர்ப்பப்பை பெருக்கப் பெருக்க நெஞ்சுக்குக் கீழ இருக்கிற பகுதியை மேல தள்ளும், சுவாசப்பை விரிய இடம் குறையும், ரத்தத்தின்ர அளவு கூடி இதயமும் கூட வேலை செய்யும். ஏற்கெனவே பாரம் ஏத்தின லாண்ட்மாஸ்டர் ஏத்தத்தில போற மாதிரி, அதுக்கு மேல ஒரு ஃப்ளூவோ கொவிட்டோ நெஞ்சில இறங்கினா மற்றவையைவிடக் கெதியா மூச்சு முட்டும். 2009ல பன்றிக் காய்ச்சல் பரவேக்க உலகம் முழுக்கப் பிள்ளைத்தாச்சிமார் தான் கூடக் கஷ்டப்பட்டவை. ஃப்ளூவுக்குத் தடுப்பூசி இருக்கு, எந்த மாசத்திலயும் போடலாம், உயிர் இல்லாத வைரஸ் எண்டபடியா பிள்ளைக்குப் பாதிப்பில்லை, உங்கட டொக்டரோட கதைச்சுப் பாருங்கோ.

இன்னொண்டும் விளங்கவேணும். சில வைரஸ் தாயைப் போட்டு உலுப்பும், டெங்கு ஃப்ளூ மாதிரி. சிலது தாய்க்குப் பெரிசா ஒண்டும் செய்யாது, ஒரு சின்னக் காய்ச்சல், ரெண்டு நாள் தோலில சிவப்பு, அவ்வளவோட போகும், ஆனா நச்சுக்கொடி தாண்டிப் போய்ப் பிள்ளையைத் தாக்கும். ருபெல்லா அப்பிடி. "எனக்குச் சும்மா லேசான காய்ச்சல் தானே" எண்டு இருக்கக் கூடாது எண்டு சொல்லுறது இதுக்காகத்தான்.

டெங்குவைக் கொஞ்சம் விரிவாச் சொல்லவேணும், ஏன் எண்டா யாழ்ப்பாணத்தில ஒவ்வொரு மாரிக்கும் இதுதான் எங்கட பிரச்சினை. கார்த்திகை மழை துடங்கித் தை மாசம் வரைக்கும் நுளம்புக் காலம். இந்த டெங்கு நுளம்பு பகலில கடிக்கிறது, விடியப் பொழுதும் பின்னேரமும் கூடக் கடிக்கும், அதால ராத்திரி மட்டும் வலை கட்டிறது காணாது. மத்தியானம் படுக்கிற பிள்ளைத்தாச்சியும் வலைக்குள்ளதான் படுக்கவேணும், கை கால் மூடின உடுப்புப் போடவேணும், நுளம்புக்குப் பூசுற கிரீமும் பாவிக்கலாம், டீட் இருக்கிறதும் போத்திலில போட்டிருக்கிற அளவுக்குள்ள பூசினாப் பிள்ளைத்தாச்சிக்குச் சரி. நுளம்பு முட்டை போடுறது நல்ல தண்ணியில, தண்ணி கட்டின சிரட்டை, யோகட் கப், பூச்சாடித் தட்டு, கூரைப் பீலி, ஃப்ரிஜ்ஜுக்குப் பின்னால இருக்கிற தட்டு, மூடாத பரல். எங்கட ஊரில இன்னொரு இடமும் இருக்கு, கனடா லண்டன் எண்டு போன ஆக்களின்ர பூட்டின வீடு, அங்க சீமெந்துத் தொட்டியும் கிணறும் ஆரும் பாக்காமல் கிடக்கும். எங்கட வீட்டைக் கழுவித் துடைச்சுப்போட்டு வேலிக்கு அங்கால அப்பிடி ஒரு வளவு கிடந்தா என்ன பிரயோசனம், திறப்பு வைச்சிருக்கிற ஆளைப் பிடிச்சு, இல்லாட்டி பி.எச்.ஐ. ஐயாவுக்கு, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லித் துப்புரவாக்குங்கோ. இந்த முட்டை தண்ணி வத்தினாலும் பாத்திரக் கரையில ஒட்டிக்கொண்டு மாசக்கணக்கில உயிரோட கிடக்கும், அடுத்த மழைத்தண்ணி பட்டவுடன பொரிக்கும். அதால தண்ணியைக் கொட்டினாக் காணாது, கிழமைக்கொருக்கா உள்பக்கத்தை உரஞ்சிக் கழுவவேணும்.

காய்ச்சல் வந்திட்டுது எண்டு வையுங்கோ. மற்ற ஆக்கள் எண்டா மூண்டாம் நாள் ரத்தம் பாக்கச் சொல்லுவினம், பிள்ளைத்தாச்சிக்கு முதல் நாளே பாக்கவேணும், டொக்டர் மறிச்சா மறிபடுங்கோ. காரணம் இருக்கு. டெங்குவில ஆபத்தான கட்டம் ரத்தக் குழாயால நீர்ப்பகுதி கசியிற நேரம், அதைப் பிடிக்கிறது ரத்தம் தடிக்கிறதை வைச்சும், நாடித் துடிப்பையும் பிரஷரையும் வைச்சும். பிள்ளைத்தாச்சிக்கு முதலே ரத்தம் ஐதாத்தான் இருக்கும், நாடி கூடவா இருக்கும், பிரஷர் குறைவா இருக்கும், அதால கசிவு துடங்கினாலும் ரிப்போட்டில பளிச்செண்டு தெரியாது. முதல் நாள் எடுத்த ரிப்போட் ஒண்டு கையில இருந்தா அதோட ஒப்பிட்டுப் பாக்கலாம். அதோட இந்தக் கசிவு துடங்கிறது கனதரம் காய்ச்சல் விடேக்க தான், நாலாம் அஞ்சாம் நாளில. அப்பாடா காய்ச்சல் விட்டிட்டுது எண்டு வீட்டுக்காரர் சாமிக்குக் கற்பூரம் கொளுத்திற நேரம் தான் வாட்டில மிஸ்மார் மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் வந்து பாக்கினம். வயித்துநோ, விடாத சத்தி, கை கால் குளிர்றது, சலம் குறையிறது, முரசால ரத்தம், தலைச்சுத்து, பிள்ளையின்ர துடிப்புக் குறைஞ்ச மாதிரி இருக்கிறது, இதில ஒண்டு கண்டாலும் ஒரு நிமிசமும் நிக்காதேங்கோ. வாகனம் இல்லை எண்டா 1990க்கு அடியுங்கோ, சுவசெரிய அம்புலன்ஸ், காசில்லை.

காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும். வழமையா வளந்த ஆளுக்கு 500 மில்லிகிராம் குளுசை ரெண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒருக்கா, அதுக்கு மேல வேண்டாம், உடம்பு மெலிஞ்ச ஆக்கள் அளவை டொக்டரிட்டைக் கேளுங்கோ. டெங்குக் காலத்தில உடம்பு நோவுக்கு அஸ்பிரின், புரூஃபன், டைக்ளோஃபெனக் ஒண்டும் வேண்டாம், ரத்தப்போக்கைக் கூட்டும், டொக்டர் முதலே அஸ்பிரின் எழுதித் தந்திருந்தா அதை அவரிட்டையே சொல்லிக் கேளுங்கோ. கஞ்சி, இளநீர், தண்ணியில கரைக்கிற உப்புச் சீனிப் பவுடர் ஜீவனி, இதுகளைக் குடியுங்கோ, சிவப்பு நிறத்தில ஒண்டும் குடிக்காதேங்கோ, சத்தியில ரத்தம் வந்தாத் தெரியாமப் போகும். பப்பாசி இலைச் சாறு எண்டு ஆரும் கொண்டு வந்தா, பிள்ளைத்தாச்சிக்கு வேண்டாம் எண்டு நேராச் சொல்லுங்கோ, அதைக் குடிச்சுக்கொண்டு வீட்டில இருந்து நாளைக் கடத்திறதுதான் எனக்குப் பெரிய பயம்.

அடுத்தது கொப்புளிப்பான், எங்கட பக்கம் அம்மாள் வருத்தம் எண்டு சொல்லுறது. வாசலில வேப்பிலை கட்டி, வருத்தக்காரரைத் தனி அறையில விட்டு, வெளி ஆக்களை வரவேண்டாம் எண்டு சொல்லுற எங்கட வழக்கத்தில ஒரு நல்லது இருக்கு, அது உண்மையில தனிமைப்படுத்தல் தான், கைவிடாதேங்கோ. ஆனா பிள்ளைத்தாச்சிக்கே வந்தா அம்மாள் எண்டு மருந்து எடுக்காமல் இருக்கேலாது. வளந்த ஆளுக்கு வந்தா சுவாசப்பைக்குப் போகலாம், அதுவும் கடைசி மாசங்களில மோசம். முதல் 28 கிழமைக்குள்ள வந்தா குறைஞ்ச வீதத்தில பிள்ளையின்ர தோல், கை கால், கண்ணைப் பாதிக்கலாம். பிரசவத்துக்கு 5 நாளுக்கு முதல் துடங்கி 2 நாளுக்குப் பிறகு வரைக்கும் தாய்க்குப் போட்டா, தாயிட்டை இருந்து எதிர்ப்புச் சக்தி போக முதல் வைரஸ் மட்டும் பிள்ளைக்குப் போகுது, அது மிச்சம் ஆபத்து. சின்னனில வந்த ஆளுக்குப் பயமில்லை, கனபேருக்கு வாழ்நாள் முழுக்கக் காக்கும். அதால அம்மாவிட்டை இப்பவே கேட்டு வையுங்கோ, எனக்குச் சின்னனில போட்டதோ எண்டு. போடேல்லை எண்டா, கொப்புளிப்பான் வந்த ஆளோட ஒரே அறையில ஒரு 15 நிமிசம் இருந்தாலே போய்ச் சொல்லவேணும், அந்த ஆளுக்குக் கொப்புளம் வர ரெண்டு நாளுக்கு முதலே தொத்தும். அப்பிடி ஒரே அறையில இருந்து 10 நாளுக்குள்ள எண்டா தடுக்க வழி இருக்கு, உங்களுக்கே கொப்புளம் போட்டிட்டுது எண்டா அசைக்ளோவிர் எண்ட வைரஸ் மருந்து முதல் 24 மணித்தியாலத்துக்குள்ள துடங்கினா நல்லாக் கேக்கும். ஒரேயொரு விசயம், கிளினிக்கில போய் மற்றப் பிள்ளைத்தாச்சிமாருக்கு நடுவில இருக்காதேங்கோ, முதல் போன் பண்ணிச் சொல்லிப்போட்டுப் போங்கோ.

ருபெல்லா கதை வேற. 1941ல அவுஸ்திரேலியாவில நோர்மன் கிரெக் எண்ட கண் டொக்டர், பிறவியிலேயே கண்ணில வெள்ளை படர்ந்த பிள்ளையள் கனபேர் ஒரே காலத்தில வரக்கண்டு விசாரிச்சுப் பாத்தவர். தாய்மார் கனபேருக்கு முதல் மாசங்களில ருபெல்லா வந்திருக்கு. வயித்தில இருக்கிற பிள்ளையை ஒரு வைரஸ் இப்பிடிப் பாதிக்கும் எண்டு உலகத்துக்கு அப்பதான் தெரிஞ்சது. முதல் 12 கிழமைக்குள்ள வந்தா பத்தில ஒன்பது பிள்ளை வரைக்கும் கண், காது, இதயம் எண்டு ஏதோவொண்டில பாதிக்கும். எங்கட நாடு தடுப்பூசி போட்டுப் போட்டு 2020ல சின்னமுத்தையும் ருபெல்லாவையும் ஒழிச்ச நாடு எண்டு உலக சுகாதார நிறுவனம் அறிவிச்சது, ஊர் ஊராத் திரிஞ்ச மிட்வைஃப்மாருக்குத்தான் அந்தப் பேர் போகவேணும். ஆனா ஊசி போடாத ஒராள் விமானத்தில வந்து இறங்கினாலே காணும். ருபெல்லாவுக்குப் போடுறது உயிருள்ள வைரஸ் ஊசி, வயித்தில பிள்ளை இருக்கேக்க போடேலாது, போட்டு ஒரு மாசத்துக்குப் பிள்ளை தங்கவும் கூடாது. அதாலதான் கல்யாணம் கட்டினவுடன எம்.ஓ.எச். ஒஃபிஸில, அதாவது சுகாதார வைத்திய அதிகாரி ஒஃபிஸில, புதுச் சோடிகளுக்கு வைக்கிற கிளினிக்குக்குப் போகச் சொல்லுறது. விட்டுப்போச்சு எண்டா பிள்ளை பிறந்த பிறகு போடலாம், பால் குடுக்கிறதுக்கு ஒரு தடையும் இல்லை.

இனிச் சொல்லப்போறது நான் தினம் தினம் செய்த பிழை. மூத்தவன் மொண்டசூரிக்குப் போற வயசு, அவன் புட்டில பாதியைச் சாப்பிட்டிட்டு மிச்சத்தைத் தள்ளி வைப்பான், கறியும் எச்சிலும் குழைஞ்சு கிடக்கும், எறிய மனம் வராது, நான் அதே கரண்டியால அள்ளி வாயில போட்டிட்டுக் கோப்பையைக் கழுவப் போவன். எங்கட அம்மாமார் எல்லாருமே அப்பிடித்தான். சி.எம்.வி. எண்டு ஒரு வைரஸ் இருக்கு, சின்னப் பிள்ளையளின்ர எச்சிலிலயும் சலத்திலயும் மாசக்கணக்கில இருக்கும், பிள்ளைக்கு ஒரு குணமும் தெரியாது, தாய்க்கும் தெரியாது, ஆனா வயித்துக்குள்ள போனா பிறக்கிற பிள்ளைக்குக் காது கேளாமல் போறதுக்கு உலகத்திலேயே பெரிய காரணங்களில இது ஒண்டு. தடுப்பூசி இல்லை. மிச்சச் சாப்பாட்டைச் சாப்பிடாதேங்கோ, கரண்டியைப் பகிராதேங்கோ, கொஞ்சேக்க வாயில வேண்டாம், நெத்தியிலயும் தலையிலயும் கொஞ்சுங்கோ, பம்பர்ஸ் மாத்தினாச் சவுக்காரம் போட்டு 20 செக்கன் கை கழுவுங்கோ. மூத்த பிள்ளையைத் தள்ளி வைக்கத் தேவையில்லை, எச்சிலை மட்டும் தள்ளி வையுங்கோ.

தண்ணியும் கவனம். யாழ்ப்பாணம் முழுக்கச் சுண்ணாம்புக் கல், மேல ஊத்திறது வெடிப்புகளால கெதியாக் கீழ இறங்கும், கிணத்துக்குப் பக்கத்தில மலசலகூடக் குழி இருந்தா சொல்லத் தேவையில்லை. அப்பிடித் தண்ணியால வாற செங்கண்மாரியில ஈ வகை, கடைசி மாசங்களில இருக்கிற பிள்ளைத்தாச்சிக்கு உயிராபத்து. கொதிச்சு ஆறின தண்ணி மட்டும் குடியுங்கோ, கோயில் தண்ணீர்ப்பந்தலில குடிக்க வேண்டாம், வீட்டிலயிருந்து போத்தில் கொண்டு போங்கோ.

இப்பப் பால் விசயம். எனக்கு இதில நிறைய ஆத்திரம் இருக்கு, தாய்க்குத் தடிமன் எண்டவுடன "பிள்ளைக்கு இறங்கும், பாலைக் குடாதை, மாப்பால் கரை" எண்டு வயசு போன ஆக்கள் அன்பாலதான் சொல்லீனம், ஆனா நடக்கிறது மற்றப்பக்கம். உங்களுக்குக் காய்ச்சல் தெரியிற நேரத்துக்கு முதலே பிள்ளை உங்கட மடியில கிடந்து அந்தக் கிருமியைச் சந்திச்சிட்டுது. உங்கட உடம்பு அந்தக் கிருமிக்கெண்டே எதிர்ப்புப் புரதத்தைச் செய்து பாலுக்குள்ள விடுகுது, அது பிள்ளையின்ர தொண்டையிலயும் குடலிலயும் பூசினமாதிரி நிண்டு கிருமியை ஒட்ட விடாது. பாலை நிப்பாட்டினா கிருமி மட்டும் பிள்ளையிட்டை, மருந்து உங்கட நெஞ்சில. பிறந்தவுடன வாற மஞ்சள் சீம்பாலில இது இன்னும் கூட, அதைப் பிழிஞ்சு ஊத்தவே கூடாது.

தடிமன், ஃப்ளூ, கொவிட், டெங்கு எல்லாத்துக்கும் பால் குடுக்கலாம். கை கழுவி, மாஸ்க் போட்டு, பிள்ளையின்ர முகத்துக்கு நேர இருமாமல் குடுங்கோ, குடிச்சு முடிய வேற ஆள் தூக்கி வைச்சிருக்கட்டும். ஏலாமல் கிடக்கிறியள் எண்டாப் பாலைக் கையால பிழிஞ்சு, கொதிக்க வைச்ச கோப்பையில எடுத்துப் பருக்கச் சொல்லுங்கோ, பிழியாமல் விட்டாப் பால் கட்டிக் காய்ச்சல் இன்னும் கூடும், சுரக்கிறதும் குறையும். எங்கட வெக்கைக்குப் பிழிஞ்ச பாலை வெளிய வைக்காமல் உடன ஃப்ரிஜ்ஜில வையுங்கோ. பனடோல் எடுத்தாலும் பால் குடுக்கலாம்.

விலக்கு சிலது இருக்கு. முலையில ஹேர்பிஸ் எண்ட வைரஸால வாற கொப்புளமோ கொப்புளிப்பான் கொப்புளமோ இருந்தா அந்தப் பக்கம் காயிற வரைக்கும் குடுக்க வேண்டாம், மற்றப் பக்கம் குடுக்கலாம். ஈரலைத் தாக்கிற ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் உள்ள தாய் தாராளமாக் குடுக்கலாம், பிள்ளைக்குப் பிறந்த 12 மணித்தியாலத்துக்குள்ள ஊசி போட்டால் சரி, அதுக்காகத்தான் முதலே சொல்லி வைக்கவேணும். எச்.ஐ.வி. எண்டா டொக்டர் தனித் திட்டம் போட்டுத் தருவார். கிளினிக்கில அந்த ரெஸ்ட்டுக்கு ரத்தம் கேட்டா முகம் சுளிக்காமல் குடுங்கோ, எல்லாத் தாய்மாருக்கும் செய்யிறதுதான், அப்பிடிச் செய்துதான் தாயிட்டை இருந்து பிள்ளைக்குப் போறதை 2019ல எங்கட நாடு ஒழிச்சது.

கடைசியா வீட்டுக்கு வாற ஆக்கள். முந்தி 31ம் நாள் துடக்குக் கழியிற வரைக்கும் வெளி ஆக்கள் பிள்ளையைத் தூக்கிறது குறைவு, அதைக் கொஞ்சம் இறுக்கமாவே வைச்சிருங்கோ. நல்லூர்த் திருவிழாவுக்கெண்டு வெளிநாட்டுச் சொந்தம் வந்து இறங்கும், பத்துப் பதினைஞ்சு மணித்தியாலம் விமானத்தில இருமிக்கொண்டு வந்து பிள்ளையைக் கண்டவுடன கன்னத்தில கொஞ்சுவினம், ஆசைதான், ஆனா அந்தப் பிள்ளைக்குச் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூண்டுக்கும் போடுற எம்.எம்.ஆர். ஊசியே 9 மாசத்தில தான். உதட்டில கொப்புளம் இருக்கிற ஆள் கொஞ்சினா ஹேர்பிஸ் பச்சைக் குழந்தையின்ர மூளை வரைக்கும் போகலாம். நீங்கள் சொல்லக் கூச்சப்பட்டா மாமியைக் கொண்டு சொல்லுவியுங்கோ. எங்கட மாமி இப்ப வாசல் கதவிலயே நிண்டு "முதல் கையைக் கழுவுங்கோ தம்பி, பிள்ளையின்ர காலைத் தொட்டுப் பாருங்கோ, முகத்தில வேண்டாம்" எண்டுவா, ஒருத்தரும் கோவிக்கேல்லை. 3 மாசத்துக்குள்ள இருக்கிற பிள்ளைக்கு 38 பாகை செல்சியஸ் அடிச்சாலோ, பால் குடிக்காமல் சோர்ந்தாலோ, வீட்டில மருந்து குடுக்காமல் நேர ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ, ராத்திரி எத்தினை மணி எண்டாலும். தெர்மோமீட்டர் இல்லாத வீடு எண்டா நாளைக்கே பாமசியில ஒண்டு வாங்கி, கிளினிக் கொப்பியோட ஒரே பையில வையுங்கோ.